பெரியவருக்கு முளைத்த பல்

பல்லைப் பார்த்து ஆளை எடைபோடுவது எங்கள் லேப்பில் எல்லோருக்கும் உள்ள வியாதி. நாங்கள் செயற்கைப் பல் செய்கிறவர்கள். டாக்டர்கள் நோயாளியின் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள். நான் அந்த அளவில் பிளாஸ்டர் மாவு ஊற்றி அச்சு எடுப்பேன். எதிர் மேசையில், நான் அக்கா என்று கூப்பிடும் சீனியர் அதன்மேல் மெழுகில் பல் செதுக்குவாள். கடைவாய்ப் பல்லை யார் செய்தாலும் சரி, சிரித்தால் தெரிகிற பல்லுக்கு அவள் கைதான் வேண்டும் என்று டாக்டர்கள் அடம்பிடிப்பார்கள். முன்பல் செய்கிறவருக்கான அந்த ஜன்னலோர நாற்காலிக்கு வர அவளுக்குப் பதினோரு வருடம் ஆயிற்று.

அந்த அக்காதான் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். அவள் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை, ரயிலில் ஏழு மணி நேரம். ஏழு வயது மகளும் அப்பாவோடுதான். நாத்தனார் பக்கத்து வீடு என்பதால் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. அக்கா மாதம் இரண்டு முறை போய் வருவாள். அந்த ஊரில் இப்படி ஒரு லேப் கிடையாது. போனால் இந்த வேலைக்குத் தலைமுழுக வேண்டியதுதான்.

முதலாளி கடிதத்தை மடித்து இழுப்பறையில் போட்டார். "இன்னும் ரெண்டே வருஷம் இரும்மா. முன்பல் வேலை மொத்தமும் உன் பொறுப்பு. சனி, ஞாயிறு லீவு எடுத்துக்கோ. அதுக்குள்ள வேற ஒருத்தியத் தயார் பண்ணிட்டு நிம்மதியாப் போ. சனிக்கிழமைக்குள்ள சொல்லு." நல்ல மனுஷர், அதுதான் தொல்லை. கத்தியிருந்தால் அக்கா அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பாள்.

அந்த வாரம் முழுக்க அவள் ஒரு நிலையில் இல்லை. சாப்பிடும்போது, "ரெண்டு வருஷம் கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்ல?" என்பாள்.

"ஓடிடும்க்கா."

"அவளுக்கும் ஒன்பது வயசாயிடும்ல?"

நான் சாப்பாட்டு டப்பாவை மூடி எழுந்துவிடுவேன். அவள் போகக் கூடாது என்றுதான் எனக்கு ஆசை. எதிர் மேசை காலியாகக் கிடப்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. என்னிடம் போய் யோசனை கேட்டாள் பாருங்கள்.

வியாழக்கிழமை மதியம் மகள் போனில் வாயை ஆவென்று திறந்து காட்டினாள். பால்பல் விழுந்த இடத்தில் இரண்டு புதுப் பற்கள்.

"அம்மா, ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி இருக்கு. தொட்டுப் பாரேன்."

அக்கா போன் திரையில் விரலை வைத்தாள். "ஆமாண்டி, குத்துது."

நான் மாவு கலக்குகிற பாவனையில் குனிந்துகொண்டேன்.

மறுநாள் அறுபது வயதுப் பெரியவர் ஒருவருக்கு முன்பல் இரண்டு செய்ய வேண்டியிருந்தது. அக்கா காலையிலிருந்து தலை நிமிராமல் செதுக்கினாள். சாயங்காலம் முதலாளி வழக்கம்போல வேலையைச் சரிபார்க்க வந்தார். அச்சை விளக்குக்கு நேரே பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"என்னம்மா இது, பெரியவருக்கு இப்பத்தான் பல்லு முளைச்சிருக்கா?"

எழுந்து போய்ப் பார்த்தேன். அழகான இரண்டு பற்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் மும்மூன்று குட்டி மேடுகள். குழந்தைக்குப் பல் முளைத்த புதிதில் மட்டும் இருப்பவை அவை. கடிக்கக் கடிக்கத் தேய்ந்து ஓரம் நேராகிவிடும். எங்கள் தொழிலில் இது பாலபாடம். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அக்காதான் முதலில் நிறுத்தினாள்.

"சரி, ஓரத்தச் சீவிடு" என்று முதலாளி கத்தியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"சார், இது தேயறதுக்கு எவ்வளவு நாளாகும்?"

"உனக்குத் தெரியாததா? ஒரு ரெண்டு வருஷம்..." என்றவர் அப்படியே நிறுத்தினார். பிறகு கத்தியை மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு திரும்பி வந்தார்.

பெரியவருக்கு வேறு பல் செய்து கொடுத்துவிட்டுத்தான் அக்கா கிளம்பினாள். இப்போது ஜன்னலோரத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள், நன்றாகவே செய்கிறாள். அந்த ரம்பப் பல் இரண்டும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அக்கா ஞாபகம் வரும்போது எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்ப்பேன். வெறும் மெழுகுதான், ஆனாலும் குத்துகிறது.