வாக்கி டாக்கியில் ஒரு "என்னங்க"

1. ஹெல்மெட் ஸ்ட்ராப்

என் கணவர் என்னை முதன்முதலாக "மேடம்" என்று கூப்பிட்டது சிங்கப்பூர் உட்லண்ட்ஸில், ஒரு சைட் நிறைய ஆட்கள் முன்னிலையில்.

அடுக்குமாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த அந்த சைட்டில் நான் சேஃப்டி கோஆர்டினேட்டர். காலையில் வேலை தொடங்குமுன் எல்லாரையும் நிற்கவைத்து அன்றைய ஆபத்துகளைச் சொல்லும் டூல்பாக்ஸ் மீட்டிங்கை நான்தான் நடத்துவேன். கிரேன் வேலைக்குப் புதிதாக ஒரு லிஃப்டிங் கம்பெனி வந்திருந்தது. அதன் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்ற சூப்பர்வைசர், அன்று காலைதான் நான் கட்டிலுக்கடியில் குனிந்து தேடி எடுத்துக் கொடுத்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். எந்த சைட்டுக்குப் போகிறோம் என்பது கம்பெனி லாரியில் ஏறிய பிறகுதான் அவருக்கே தெரிந்ததாம்.

"பேரு?" என்றேன். வேறென்ன கேட்பது?

"இளங்கோ, மேடம்."

"ஸ்ட்ராப் ஏன் தொங்குது? போடுங்க."

"ஓகே மேடம்."

அந்த ஸ்ட்ராப்பைப் போடச் சொல்லி வீட்டில் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். ஒருநாளும் கேட்டதில்லை. அன்று உடனே மாட்டினார். அரசாங்கமே அதிகாரம் கொடுத்ததுபோல எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

2. ஒரு அறை

அவர் எனக்கு முன்பே சிங்கப்பூர் வந்தவர். வொர்க் பெர்மிட்டில் வந்து, விடுதியில் அடுக்குக் கட்டிலில் படுத்து, ரிகராகப் பாரம் கட்டிக் கட்டி மேலே வந்தார். கல்யாணம் முடிந்தும் அவர் இங்கே, நான் பட்டுக்கோட்டையில். சிவில் டிப்ளமோ படித்த எனக்குப் போனிலேயே குடும்பம் நடத்தச் சகிக்கவில்லை. "நீங்க வரலைன்னா என்ன, நான் வர்றேன்" என்று சென்னையில் சேஃப்டி வேலை பழகி, வொர்க் பெர்மிட்டுக்கு ஒரு படி மேலான எஸ் பாஸில் வந்து இறங்கினேன். அதன் பிறகும் கொஞ்சகாலம் அவர் விடுதியில், நான் தோழிகளோடு. அவர் பரீட்சை எழுதி லிஃப்டிங் சூப்பர்வைசராகி எஸ் பாஸ் வாங்கிய பிறகுதான் விடுதியை விட்டு வெளியே வந்து என்னோடு தங்க முடிந்தது. ஆங் மோ கியோவில் ஒரு வீட்டில் ஒரு அறை எடுத்தோம். நாங்கள் கல்யாணம் செய்துகொண்டதே அந்த அறைக்குப் போன அன்றைக்குத்தான் என்று நான் சொல்லுவேன்.

வீட்டுக்கார ஆன்ட்டி இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். சாவியைக் கொடுக்கும்போதே, இந்த ஊர் வழக்கப்படி "லா" சேர்த்துக் கட்டளை போட்டார். "லைட் குக்கிங் மட்டும்தான் லா. ரசம் வைங்க, தோசை சுடுங்க. மீன் குழம்பு லைட் குக்கிங் இல்ல, ஓகே?"

மீன் குழம்பை விட்டுக்கொடுத்தேன். அந்த அறையை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

அதனால்தான் அந்த முதல் நாள் மீட்டிங் முடிந்ததும் நேராக என் மேலதிகாரி மேடம் லிம்மிடம் போய், "புது லிஃப்டிங் சூப்பர்வைசர் என் கணவர்" என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். எனக்குக் கீழே வேலை செய்யும் துணை ஒப்பந்தக் கம்பெனியில் என் கணவர் இருந்தால், நான் கண்டும் காணாமல் விடுவேன் என்று யாரும் சொல்லலாம். கடைசியில் மூன்று விஷயம் சொன்னார். என் கணவர் பாரம் தூக்க வாங்கும் லிஃப்டிங் பெர்மிட்டில் நான் கையெழுத்துப் போடக்கூடாது, மேடம் லிம்தான் போடுவார். சைட்டில் யாருக்கும் சொல்லவேண்டாம். சலுகை காட்டினேன் என்று ஒரே ஒரு பேச்சு வந்தாலும் என் கணவர் சைட்டை விட்டுப் போகவேண்டும்.

அப்போது அவருடைய கம்பெனிக்கு இருந்தது இந்த ஒரு சைட்தான். இங்கே வேலை இல்லையென்றால் எங்கேயும் இல்லை. அவருடைய பாஸும் புதுப்பிக்க வரும் நேரம். பாஸ் போனால் அறை போகும், அவர் சொந்த ஊரான மன்னார்குடிக்குப் போவார், நான் மறுபடியும் போனில் குடும்பம் நடத்தவேண்டும். அன்று இரவு இதைச் சொன்னதும் அவர், "அப்ப சைட்ல நீ சேஃப்டி, நான் லிஃப்டிங். அவ்ளோதான்" என்றார்.

நான் சும்மா இருப்பேனா? சலுகை என்ற பேச்சே வரக்கூடாது என்று அவர் டீமை மற்றவர்களைவிட ஒரு சுற்று அதிகமாகவே பிழிந்தேன். கயிறு பழசு என்று நிறுத்தினேன். கொக்கியின் தாழ்ப்பாள் சரியில்லை என்று நிறுத்தினேன். வாக்கி டாக்கியில், "லிஃப்டிங், சேஃப்டி பேசறேன்" என்று ஆரம்பித்தாலே அவருடைய டீம் பையன்கள் தலையில் கை வைப்பார்கள். அவரும் சளைக்காமல் வாதாடுவார். எங்கள் இருவருக்கும் ஆகாது என்று சைட் முழுக்கப் பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட் பக்கம் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தோம். எதிரே அவர் டீமில் ஒருவன் வந்துவிட்டான். கையில் முருங்கைக்காயோடு நான் சட்டென்று குரலை மாற்றி, "இளங்கோ, நாளைக்குப் புது டேக் லைன் கயிறு வந்தாகணும்" என்றேன். என் தக்காளிப் பையைத் தூக்கிக்கொண்டிருந்த மனிதர், "ஓகே மேடம்" என்றார். மறுநாள் சைட்டெல்லாம் ஒரே கதை. "சேஃப்டி அக்கா ஞாயித்துக்கிழமை கூட அண்ணனை விடமாட்டேங்குது. பாவம், பையெல்லாம் தூக்க வச்சிருக்கு!"

3. அந்த பேனல்

எங்கள் கிரேன் ஆபரேட்டர் மணியம் அண்ணன். ஜோகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருகிற மலேசியத் தமிழர். தலை நரைத்தவர். சிக்னல்மேன் சொல்லாமல் ஒரு விரலைக்கூட அசைக்கமாட்டார்.

அன்று காலை நல்ல மழை. மழை விட்டதும் இளங்கோ கிரேனின் நான்கு கால்களுக்கும் கீழே போட்டிருந்த இரும்பு பிளேட்டுகளைச் சுற்றிப் பார்த்தார். மேடம் லிம்மும் பார்த்துவிட்டுத்தான் பெர்மிட் கொடுத்தார். அப்போது மண்ணில் ஒன்றும் தெரியவில்லை. பாரம் ஏறினால்தான் மண்ணின் குணம் தெரியும்.

கான்கிரீட் சுவர் பேனல் மார்பு உயரத்துக்கு எழும்பியிருந்தது. கயிற்றைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்த இரண்டு பையன்களோடு என் கணவரும் அந்தப் பக்கம் நின்றார். நான் கிரேனுக்குப் பின்னால் நடந்து வந்தேன். ஒரு பிளேட்டின் ஓரத்தில் சேறு மெதுவாகப் பிதுங்கி வெளியே வந்துகொண்டிருந்தது. பிளேட் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முந்தின வாரம் கேபிள் பள்ளம் தோண்டி மூடிய இடம் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. ஆனால் மூடிய மண் பிளேட்டுக்கு அடிவரைக்கும் வந்திருக்கிறது. பேனல் இன்னும் மேலே போனால் கிரேன் சாயும். சாய்ந்தால் அவர்கள் மூவர் மேலும்தான் விழும்.

வாக்கி டாக்கியை அழுத்தினேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது, நான் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தது, "ஆல் ஸ்டாப், ஆல் ஸ்டாப்". என் வாயில் வந்தது அது இல்லை.

"என்னங்க! என்னங்க!"

கிரேன் நின்றது. சிக்னல்மேன் கை தூக்குமுன்பே நின்றுவிட்டது. என் கணவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பையன்களையும் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளி, தானும் விலகி, சிக்னல்மேனைப் பார்த்துக் கையைக் கீழே காட்டினார். மணியம் அண்ணன் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல அந்த பேனலை இறக்கினார். அது தரையைத் தொட்டதும் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். பிளேட் ஒரு முழம் மண்ணுக்குள் போயிருந்தது.

நிமிர்ந்தேன். அந்த சேனலைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை தமிழர்களும் என்னைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். எந்தப் பெண் எந்தக் குரலில் யாரை அப்படிக் கூப்பிடுவாள் என்று அவர்களுக்குத் தெரியாதா? தேக்காவில் பார்த்த பையன், "அடப்பாவி, பை தூக்கினது அதுக்கா!" என்றான்.

4. விசாரணை

மாலையில் புராஜெக்ட் மேனேஜர் கோ எங்களைக் கூப்பிட்டார். மேடம் லிம்மும் மணியம் அண்ணனும் இருந்தார்கள். கோ நல்ல மனிதர், ஆனால் சிரித்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

"வாட் இஸ் என்னங்கா?" என்று ஆரம்பித்தார். "கோட் வேர்டா?"

நான் வாயைத் திறக்குமுன் மணியம் அண்ணன் ஆங்கிலத்தில் விளக்கினார். "பாஸ், தமிழ் வைஃப் ஹஸ்பண்டைக் கூப்பிடுறது. பேர் சொல்ல மாட்டாங்க."

"பிறகு நீ ஏன் நிறுத்தினாய்? சிக்னல்மேன் ஒன்றும் சொல்லவில்லையே?"

"நாப்பது வருஷமா வீட்ல என் வைஃப் அப்படித்தான் கூப்பிடுறா, பாஸ். அந்த மாதிரி குரல்ல என்னங்கன்னா ஒரே மீனிங்தான். ஸ்டாப். கை தானா நிக்கும் லா."

கோ சிரிக்கவில்லை. ரகசியம் உடைந்துவிட்டது, இனி யார் வேண்டுமானாலும் சலுகை என்று பேசலாம், இருவரில் ஒருவர் வேறு இடம் போவதுதான் நல்லது என்றார். அந்த அறையும், ஜன்னலில் காயும் அவருடைய சட்டையும் கண்முன் வந்தன.

இளங்கோ எழுந்து நின்றார். அவருடைய ஆங்கிலம் சைட் ஆங்கிலம்தான். தமிழும் கலந்துதான் பேசினார்.

"சார், என்னை அனுப்புங்க. இவங்களை அனுப்பாதீங்க. எத்தனையோ சேஃப்டி ஆளுங்களோட வேலை செஞ்சிருக்கேன். இவங்க மாதிரி யாரும் என்னை நிறுத்தினதில்ல. என் பசங்க தெனமும் தொங்குற பாரத்துக்குப் பக்கத்துல நிக்கிறாங்க. இவங்க இங்க இருக்கணும்."

போனால் பாஸும் போகும் என்று தெரிந்துதான் சொன்னார். நான் கடல் தாண்டி வந்தது இந்த மனிதரோடு வாழத்தான். அந்த நிமிடம் எனக்கு வந்த பெருமையை இதுவரை எந்தச் சான்றிதழும் எனக்குத் தந்ததில்லை. அழுகையும் வந்தது. சேஃப்டி அழக்கூடாது என்று உட்கார்ந்திருந்தேன்.

மேடம் லிம் பேசினார். முதல் நாளே நான் சொல்லிவிட்டதையும், பெர்மிட் அத்தனையிலும் அவரே கையெழுத்துப் போட்டதையும் சொன்னார். பிறகு, "இந்த சைட்டில் இவள் அதிகமாக நிறுத்தியது யாருடைய வேலையை என்று கேளுங்கள்" என்றார்.

கோ என்னைப் பார்த்தார். "அவருடையதா?"

"ஆமாம் சார்."

"உங்கள் இருவருக்கும் ஆகாது என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்?"

"சைட்டில் ஆகாது சார்" என்றார் என் கணவர்.

அன்றுதான் கோ சிரித்து நான் பார்த்தேன். யாரும் போகவேண்டாம், பெர்மிட் பழையபடி மேடம் லிம்மே போடட்டும், ஆனால் இனி வாக்கி டாக்கியில் "என்னங்கா" கூடாது என்று உத்தரவிட்டார்.

அவருக்குப் பாஸ் புதுப்பித்து வந்த அன்று ஆன்ட்டியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி மீன் குழம்பு வைத்தேன். "இன்னைக்கு மட்டும்தான் லா" என்று சொல்லிக்கொண்டே ஆன்ட்டியும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டார்.

5. குவீன்ஸ்டவுன்

அந்த உத்தரவை நான் மட்டும்தான் மதித்தேன். இளங்கோவின் பையன்கள் என்னைக் கிண்டல் செய்ய ஒருவரையொருவர் "என்னங்க" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர்களைப் பார்த்து பங்களாதேஷ் ரிகர்களும் கூப்பிட்டார்கள். அந்த சைட் வேலை முடிந்து எல்லாரும் ஆளுக்கொரு சைட்டாகப் பிரிந்தோம்.

இப்போது நான் சீனியர். பல சைட்டுகளுக்கு ஆய்வுக்குப் போகிறேன். நாங்களும் அறையிலிருந்து முழு வீட்டுக்கு மாறிவிட்டோம். சமையலுக்குத் தடை இல்லை.

வெளிநாட்டுக்கு ஜோடியாக வந்து, ஒரே தொழிலில் இருக்கும் இளையவர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. வீட்டை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போ என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்வேன், முக்கால்வாசி நாள் அதுதான் சரி. மேலதிகாரியிடம் முதல் நாளே உண்மையைச் சொல்லிவிடுங்கள், சொந்தக்காரன் வேலையை இன்னும் கறாராகப் பாருங்கள். ஆனால் ஆபத்து என்று வந்தால் வாயில் முதலில் எது வருகிறதோ அதைக் கத்துங்கள். சரியான வார்த்தையைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

சென்ற மாதம் குவீன்ஸ்டவுனில் ஒரு சைட். என்னைத் தெரிந்தவர் ஒருவரும் அங்கே இல்லை. இரும்புக் கட்டு ஒன்று மேலே போகும்போது கீழே ஒரு ஆள் குறுக்கே நடந்துவிட்டார். சிக்னல்மேன், பங்களாதேஷ்காரர், இரண்டு கையையும் விரித்து வாக்கி டாக்கியில் கத்தினார்.

"என்னங்கா! என்னங்கா!"

சீனக் கிரேன் ஆபரேட்டர் உடனே நிறுத்தினார். நான் அந்த சிக்னல்மேனிடம் போய், நீங்கள் கத்தியதற்கு என்ன அர்த்தம் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"எமர்ஜென்சி ஸ்டாப், மேடம்" என்றார். இதுகூடத் தெரியாத சேஃப்டியா என்பதுபோல என்னைப் பார்த்தார். "கிரேன் பீப்பிள் எல்லாருக்கும் தெரியும்."

ஓரமாகப் போய் நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். சிரிப்பில் எனக்குப் பேச்சே வரவில்லை.

"என்னங்க..." என்று மட்டும் சொன்னேன்.

"நிறுத்திட்டேன்" என்றார். "சொல்லு."