பூவிழி கிழித்த பேனர்

பூவிழியை நினைத்தாலே எனக்குக் கோபம்தான் வரும். அவள் மேல் இல்லை. அவளை மக்கு என்று சொன்ன வாயின் மேல்.

புதுச்சேரி முதலியார்பேட்டைக்காரி. அப்பா மில் தொழிலாளி, மில்லை மூடிய பிறகு வாட்ச்மேன். இவளுக்குக் கதிர்காமம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை: குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது. இதே வேலைக்கு ஜப்பானில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவளும் நானும் விஜயராகவன் சாரின் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தோம். நேர்காணலுக்கு இரண்டே வாய்ப்பு. தவறினால் ஜப்பானை மறந்துவிட வேண்டியதுதான்.

வகுப்பில் தமிழ் பேசக் கூடாது. பேசினால் மாடிப்படியில் போய் நிற்க வேண்டும். பிள்ளை பெற்ற பெண்களைக்கூட நிற்க வைத்தார் அந்த மனுஷர்! 'இட்ஸு', 'தோகி' இரண்டுக்கும் பலகையில் 'வென்' என்று ஆங்கிலத்தில் எழுதிப்போட்டார். 'தோகி', 'ஜிகன்' இரண்டுக்கும் 'டைம்'. மனப்பாடம் செய்யுங்கள் என்றார். என்ன சார் வித்தியாசம் என்று பூவிழி தமிழில் கேட்டாள். மாடிப்படிக்குப் போனாள்.

நேர்காணல் வகுப்பிலேயே, எங்கள் முன்னால்தான். கம்ப்யூட்டர் திரையில் வந்த ஜப்பானிய அம்மா கேட்டது இதுதான்: "முதியவர் அழும்போது என்ன செய்வீர்கள்?" கேள்வியில் 'தோகி' வந்ததும் இவள் 'வென்' என்று அதை மட்டும் பிடித்துக்கொண்டாள். பதற்றத்தில் மீதி காதில் ஏறவில்லை. எப்போது அழுவார்கள் என்று கேட்பதாக நினைத்து, "சாயங்காலம் ஆறு மணிக்கு" என்றாள். அந்த அம்மா நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்.

"மக்கு! உனக்கெல்லாம் ஜப்பான் ஒரு கேடா?" என்றார் சார், அத்தனை பேர் முன்னால். அதை மட்டும் நல்ல தமிழில் சொன்னார்.

பஸ் ஸ்டாப்பில் நான் போனில் தேடி, கேள்வியின் அர்த்தத்தையும் அந்த மூன்று வார்த்தைகளின் அர்த்தத்தையும் சொன்னேன். பூவிழிக்கு மூக்கு விடைத்தது.

"'எப்போ' வேற, 'அழறப்போ' வேறடி! இட்ஸு அது, தோகி இது. ஜிகன்னா எவ்ளோ நேரம்ங்கற கணக்கு. நம்மகிட்டயே எல்லாத்துக்கும் தனித்தனியா வார்த்த இருக்குது. இத தமிழ்ல ஒருவாட்டி சொன்னா அந்தாளு நாக்கு அழுகிடுமா?"



இரண்டாவது நேர்காணலிலும் அதே அம்மா, அதே கேள்வி. "பக்கத்தில் உட்காருவேன். கையைப் பிடித்துக்கொள்வேன். அழுது முடிக்கட்டும் என்று இருப்பேன்" என்றாள் பூவிழி, நிறுத்தி நிறுத்தி, ஜப்பானிய மொழியில். தினமும் செய்வதைத்தானே சொன்னாள்! அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலை கிடைத்துவிட்டது.

மறுவாரம் வகுப்பு வாசலில் பேனர். நம்ம ஊரில்தான் காதுகுத்துக்கும் பேனர், கருமாதிக்கும் பேனர் ஆயிற்றே. ஆளுயரத்துக்குப் பூவிழியின் முகம், பக்கத்தில் கை கட்டிய சார். கீழே கொட்டை எழுத்தில்: 'தமிழ் கலக்காத பயிற்சி! எங்கள் சாதனை மாணவி!'

கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோல் எப்போதும் பூவிழியின் பையில் இருக்கும். அதை எடுத்து, தன் முகத்தை மட்டும் சுற்றி வெட்ட ஆரம்பித்தாள். சார் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி ஓடி வந்தார்.

"ஏய், ஏய்! என்னம்மா பண்ற?"

பூவிழி திரும்பக்கூட இல்லை.

"தமிழ்ல பேசறீங்க சார். போயி மாடிப்படில நில்லுங்க."