நுண்பொருளியல், இரண்டாம் முறை

எங்கள் வீட்டில் ஜெர்மன் மொழியில் வரும் கடிதங்களை உடைப்பது என் வேலை. யாருடைய பெயருக்கு வந்தாலும் சரிதான். ஒன்பது வயதில் அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. நான் கேட்டு வாங்கவில்லை, ராஜினாமாச் செய்யவும் முடியவில்லை. சுவிஸில், எம்மன்புரூக்கேயில் நாங்கள் இருந்த நான்காம் மாடி வீட்டுக்கு அப்பா வேலையால் வந்ததும் கடிதங்களைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். நான் பள்ளிக்கூடத்தால் வந்து வாசிப்பேன். “என்ன சொல்லுறாங்கள்?” என்று அம்மா குசினிக்குள் இருந்து கேட்பா. காப்புறுதி, வீட்டுக்காரர், விசா அலுவலகம் என்று எல்லாருடைய குரலும் எங்கள் வீட்டுக்குள் என் வாயால்தான் வந்தது.

பதினொரு வயதில் அப்பாவின் பரீட்சைக் கடிதங்களையும் நானே வாசித்தேன். குடியுரிமைக்காக அவர் மொழிப் பரீட்சை எழுதிய காலம் அது. மூன்று தரம் கடிதம் வந்தது. மூன்று தரமும், “அப்பா, நீங்கள் பாஸ் இல்லை” என்று சொன்னேன். முதல் தரம் மட்டும், “எந்தச் சொல்? காட்டு பாப்பம்” என்று குனிந்தார். நான் விரலை வைத்துக் காட்டினேன். நிக்ட் பெஷ்டாண்டன். தேறவில்லை. அவர் அதை இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, “சரி, போய் விளையாடு” என்றார். நாலாவது தரம் அவர் எழுதவில்லை.

பிறகு நான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன், பொருளியல் படிக்க. அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் வணிகப் பிரிவில் இருந்தவர், பரீட்சைக்கு முன்னரே நாட்டை விட்டு வந்துவிட்டார். காலை பஸ்ஸில் லுசேர்ண் வரை ஒன்றாகப் போவோம். அவர் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சமையலறைக்கு, நான் அங்கிருந்து ரயில் பிடித்து விரிவுரைக்கு. கண்ணாடிக்கு வெளியே பனிமூட்டம். பஸ்ஸுக்குள் ஈரக் குளிர்ச்சட்டை மணம். “இண்டைக்கு என்ன பாடம்?” என்று கேட்பார். கடையில் விலை கூடினால் சனம் குறைய வாங்கும், விற்கிறவன் கூட விற்கப் பார்ப்பான் என்று எனக்குத் தெரிந்த தமிழில் இழுப்பேன். “ஓ, கேள்வியும் நிரம்பலும்” என்பார் உடனே. அந்த இரண்டு சொற்களையும் அவர் அத்தனை வருடம் எங்கே வைத்திருந்தாரோ தெரியாது. பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்பதுபோலக் கொஞ்சம் சத்தமாகவே சொல்வார். எனக்கு வெட்கமாக இருக்கும்.

நுண்பொருளியல் எனக்குப் பிடிக்கவில்லை. அதை இப்போது சொல்லலாம். ஒரு வாரம் வேலையும் ஓய்வும் பற்றிய பாடம் நடந்தது. தொழிலாளி ஒருவன் இருபத்துநான்கு மணித்தியாலத்தைத் தன் விருப்பப்படி வேலைக்கும் ஓய்வுக்கும் பிரித்துக்கொள்கிறானாம். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பயிற்சி வகுப்பு நடத்திய இளைஞர் என்ன சிரிப்பு என்று கேட்டார். என் அப்பா ஒருநாளும் எதையும் பிரித்ததில்லை, ஹோட்டல்காரர்தான் பிரிக்கிறார் என்றேன். இது உலகத்தை எளிமைப்படுத்திப் பார்க்கிற ஒரு முறை மட்டுந்தான் என்று அவர் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னது நியாயம். ஆனால் அந்தப் பொறுமையைக் கண்டதும் எனக்கு எரிச்சல் வந்தது. கோபத்தில் அந்தப் பாடத்தை ஒழுங்காக விளங்கிக்கொள்ளவே இல்லை.

விளங்காததை என்ன செய்வது? நம் வீடுகளில் அதற்கு ஒரே வைத்தியம்தான், பாடமாக்குவது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அப்படித்தான் வருடாவருடம் பரிசு வாங்கினேன். கட்டுரையை முற்றுப்புள்ளியோடு பாடமாக்கி ஒப்புவித்தவள் நான். கடந்த வருடங்களின் வினாத்தாள்களை எடுத்து, விடைகளைக் கோடு கோடாகப் பாடமாக்கினேன். பரீட்சை மண்டபத்தில் தாளைத் திருப்பினால், தெரிந்த படங்கள், தெரிந்த வளைகோடுகள், ஆனால் கேள்வி வேறு. எந்தக் கோடு ஏன் நகர்கிறது என்று கேட்டிருந்தார்கள். எனக்கு அது எங்கே போய் நிற்கும் என்பது மட்டுந்தான் தெரியும்.

கடிதம் வந்தது. வழமைபோலத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருந்தது. இன்னொரு தரம் எழுதலாம், அதிலும் தேறாவிட்டால் இந்தத் துறையை இந்த நாட்டில் வேறெங்கும் படிக்க முடியாது என்று போட்டிருந்தது. நான் வாசித்து முடிக்க முன்னரே அம்மா கேட்டுவிட்டா.

“என்ன சொல்லுறாங்கள்?”

“பாஸ்” என்றேன்.

இவ்வளவு இலகுவாக வரும் என்று நான் நினைக்கவில்லை. அப்பா கடிதத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். எந்தக் கடிதத்தையும் அவர் அப்படித்தான் பார்ப்பார், மேலே இருக்கிற முத்திரையை ரசிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு மடித்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பித் தந்தார்.

“கோயில்ல ஒரு அர்ச்சனை செய்து எல்லாருக்கும் சொல்லுவம்” என்றா அம்மா.

“பொறும். முழுக்க முடியட்டும். நாவூறு பட்டிடும்” என்றார் அப்பா.

நாவூறு என்றால் பகிடி பண்ணுகிற மனிதர் அவர். வயது போகப் போக இவரும் மாறுகிறார் என்று எண்ணிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். தப்பிவிட்டேன் என்ற நிம்மதி இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அதே பாடத்தை வேறு பாடம் என்று பொய் சொல்லி மறுபடி படித்தேன். அந்த வருடம் அப்பா பின்னேர ஷிப்டுக்கு மாறினார். “ஹோட்டலில ஆக்கள் காணாது” என்றார். பஸ்ஸில் இனித் தனியாகத்தான். பின்னேரங்களில் தொலைக்காட்சிச் சத்தம் இல்லை, வீடு அமைதியாக இருந்தது, குசினி மேசை முழுவதும் எனக்குக் கிடைத்தது. நல்லதாய்ப் போயிற்று என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் பயந்த மனத்தோடு படிப்பது படிப்பே இல்லை. ஒரு பக்கத்தை நாலு தரம் வாசித்தும் ஐந்தாம் தரம் புதிதாக இருக்கும். இரண்டாம் முறை பரீட்சை எழுதிவிட்டு வெளியே வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பெப்ரவரியில் ஒருநாள் வீட்டுக்கு வந்தேன். அப்பாவுக்கு அன்று லீவு. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கடிதம் எதுவும் இல்லை. குசினி மேசையில், கத்தியால் நேராகக் கீறித் திறந்த உறையோடு கிடந்தது. அதற்கு முன்னால் அப்பா இருந்தார். அவர் ஒரு கடிதத்தைத் திறந்து நான் கண்டதே இல்லை.

“ஏன் திறந்தனீங்கள்?” என்று கத்தினேன். குற்றவாளி நான், கோபமும் எனக்குத்தான்.

“அதே ரெண்டு சொல்லுத்தான் பிள்ளை” என்றார்.

கதிரையில் இருந்தேன்.

“அப்ப, போன முறையும் தெரியுமோ?”

“ஓம். நீ காட்டித் தந்த சொல்லுத்தானே.”

“பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?”

“நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

ஒரு வருடம். ஹோட்டலில் ஆட்களுக்குக் குறைவில்லை, நான் படிக்கத்தான் அவர் ஷிப்ட் மாறியிருக்கிறார். கோயிலில் யாருடைய நாவும் எங்களைத் தொடப் பார்த்திருக்கவில்லை. இந்த மனிதர் ஒரு வருடமாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சோறு சாப்பிட்டிருக்கிறார். அவர் அடித்திருக்கலாம். ஏசியாவது இருக்கலாம். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அவருக்கு முன்னால் அழவும் எனக்கு உரிமை இருப்பதாகத் தெரியவில்லை. அவர் எழும்பித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

கதவில் திறப்புச் சத்தம் கேட்டது. அம்மா வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றியபடியே மேசையைப் பார்த்தா.

“கடிதம் வந்திட்டுதோ? என்ன சொல்லுறாங்கள்?”

அப்பா திரும்பவில்லை. கேத்திலைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் சொல்லப்போவதில்லை என்று விளங்கியது. நான் கடிதத்தை எடுத்து, அந்த வரிக்குக் கீழே விரலை வைத்தேன்.

“இஞ்ச வாங்கோ அம்மா, வாசிக்கிறன்.”