நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்குப் பிறகு

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. பெங்களூரிலிருந்து மாரிகுப்பம் வரும் ரயிலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஆவதற்குச் சற்று முன்பு. வாரத்தில் ஆறு நாள் நான் வேலைக்குப் போய்வரும் தடம்தான் அது. மாலூர், டேக்கல், பங்காரப்பேட்டை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். அந்தத் தடத்தில் எனக்கு உயிர் போகிற ஆபத்து வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. வீடு கோலார் தங்கவயலில், நந்திதுர்க் பக்கம். கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள். நான் ஓடுகிறவள். யாரும் விரட்டாமல் ஒரு பொம்பளை ஏன் ஓட வேண்டும் என்று எங்கள் தெருவில் ஆரம்பத்தில் எல்லாரும் கேட்டார்கள். பிறகு பழகிவிட்டது. விடியற்காலையில் நந்திதுர்க்கில் கிளம்பி மாரிகுப்பம் ரயில் நிலையம்வரை போய்த் திரும்புவேன். ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வரும். சுரங்கத்து மண் மேடுகளைத் தாண்டும்போது காற்று அடித்தால் வாயைத் துப்பட்டாவால் மூடிக்கொள்ள வேண்டும். இந்த ஊரில் ஓடிப் பழகினால் பெங்களூர் சாலை சமதரை மாதிரிதான்.

அந்த ஞாயிறு எனக்கு முதல் முழு மாரத்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஐந்து மாதம் தயார் செய்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, தயாரிப்பில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. ஓடும்போது என்ன சாப்பிடுவது என்பதை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். கடலை மிட்டாய் மூச்சு வாங்கும்போது தொண்டையில் சிக்கியது, விட்டுவிட்டேன். பேரீச்சம்பழம் கொட்டை எடுத்தது ஒத்துக்கொண்டது. எலுமிச்சை, உப்பு, சர்க்கரை கலந்த தண்ணீர் சின்ன பாட்டிலில் இடுப்பில் இருக்கும். முந்தின இரவு பருப்பு, கீரை, காரம் எதுவும் இல்லாமல் சோறும் உருளைக்கிழங்கும். காலையில் ஜாம் தடவிய பிரெட், ஒரு வாழைப்பழம். புது ஷூவைப் போட்டுக்கொண்டு போய்ப் பந்தயத்தில் நிற்கக் கூடாது என்பதால் இரண்டு மாதம் முன்பே வாங்கிப் பழக்கினேன். அக்குளில், தொடையில் வாசலின். நகத்தை மூன்று நாள் முன்பே வெட்டியாயிற்று.

ஒன்றே ஒன்றைத்தான் நான் யோசிக்கவில்லை. ஓடி முடித்த பிறகு என்ன?

யோசிக்காததற்குக் காரணம் என் கணவர். அவருக்குப் பங்காரப்பேட்டையில் வேலை, ஞாயிறு விடுமுறை. நான் நீண்ட தூரம் ஓடும் ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்படி அவருடையது. நான் வாசலில் ஷூவைக் கழற்றும்போதே உப்பு போட்ட மோர் சொம்பு நீளும். காலை நாற்காலிமேல் தூக்கி வைத்து உட்கார்வதற்குள் அவித்த முட்டை, பின்னாலேயே ரசம் சோறு. ஐந்து மாதமும் என் ஓட்டம் முடிந்த இடம் என் வீட்டு வாசல்தான். அதனால் சாப்பாடு தானாக வரும் என்று உடம்பும் நம்பிவிட்டது, நானும் நம்பிவிட்டேன்.

மாரத்தான் அன்று அவர் கூட வர முடியவில்லை. என் நாத்தனார் மகளுக்கு அன்று பிற்பகல் மாதா கோயில் ஹாலில் நிச்சயதார்த்தம். தாய்மாமன் இல்லாமல் அங்கே ஒரு நாற்காலி நகராது. தாய்மாமன் பெண்டாட்டி மட்டும் பெங்களூரில் ஓடப் போகிறாளாம் என்று நாத்தனாருக்கு ஏற்கெனவே வருத்தம். முடித்த கையோடு வண்டி ஏறி, புடவை கட்டிக்கொண்டு நேரத்துக்கு வந்து நிற்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். சனிக்கிழமை சாயங்காலமே கிளம்பி, கூட வேலை செய்யும் தோழியின் வீட்டில் தங்கினேன்.

ஓட்டம் நன்றாகவே போனது. முப்பது கிலோமீட்டருக்கு மேல் பலர் நடக்க ஆரம்பித்தார்கள். நான் நிற்கவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அழுகை வந்தது, அழுதேன். மெடலைக் கழுத்தில் போட்டார்கள். அங்கே காலைச் சாப்பாடும் கொடுத்தார்கள், ஆனால் வரிசை மைதானத்தைச் சுற்றி நின்றது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்கு வண்டிகள் குறைவு. சாப்பாட்டுக்கு நின்றால் நிச்சயதார்த்தம் போய்விடும். வெறும் தண்ணீரை இரண்டு பாட்டில் மடமடவென்று குடித்தேன். ஈர டி-ஷர்ட்மேல் ஒரு சுடிதார் டாப்பைப் போட்டுக்கொண்டு, ஷூவைக் கழற்றிப் பையில் வைத்து, செருப்போடு ஆட்டோ ஏறினேன். வீட்டில் போய்ச் சாப்பிட்டால் ஆயிற்று என்ற தைரியம்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. ஒயிட்ஃபீல்டு தாண்டும்போது குளிர்வது போல இருந்தது. பிறகு குமட்டல். மாலூரில் ஒரு கூட்டம் ஏறி, பெட்டி அடைத்துக்கொண்டது. கொஞ்சம் காற்று பட்டால் சரியாகிவிடும் என்று எழுந்தேன். தொடை இரண்டும் மரக்கட்டை. நொண்டிக்கொண்டே போய்த் திறந்திருந்த வாசலில், கம்பியைப் பிடித்து நின்றேன். வண்டி நல்ல வேகத்தில் இருந்தது. தண்டவாளத்து ஜல்லி கீழே ஓடிக்கொண்டிருந்தது. முதலில் காதில் சத்தம் குறைந்தது. பிறகு ஓரத்திலிருந்து கறுப்பு மூடிக்கொண்டு வந்தது. என் விரல்கள் கம்பியை விடுவது எனக்கே தெரிந்தது. ஆனால் அதைத் தடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அதுதான் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

பின்னலையும் தோளையும் சேர்த்து யாரோ பிடித்து இழுத்தார்கள். நான் உள்பக்கமாக, பெட்டித் தரையில் விழுந்தேன். கண்ணைத் திறந்தபோது என் வயதுள்ள ஒரு பெண் என் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. கோபமாகவும் இருந்தது.

“இன்னா காரியம் பண்ணப் பாத்த நீ?” என்றார். “வூட்ல இன்னா சண்ட? புருசனா, மாமியாரா?”

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. நடந்ததைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “ஓடி வந்தேன் அக்கா” என்பது மட்டும்தான் வெளியே வந்தது.

அவர் முகம் அப்படியே இளகிவிட்டது. “ஓடி வந்துட்டியா? வந்தா வந்துட்டு போ. ஊருல நடக்காததா” என்று என் தலையைத் தடவினார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். என்னைப் பேச விடவில்லை. தன் ஒயர் கூடையை இழுத்து, டிபன் கேரியரைத் திறந்தார்.

“எதுவா இருந்தாலும் துண்ணுட்டு பேசிக்கலாம். வாயத் தொற.”

பூண்டு ரசம் விட்டுக் குழையப் பிசைந்த சோறு. அவரே ஊட்டினார். முதல் இரண்டு வாய் உள்ளே போக மறுத்தது. மூன்றாவது வாய்க்கு உடம்புக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்த உப்பும் புளிப்பும் தொண்டையில் இறங்கியதை என்னால் சொல்லிக் காட்ட முடியாது. அடுத்த தட்டில் இரண்டு அவித்த முட்டை இருந்தது. அதையும் உரித்துக் கொடுத்தார். பக்கத்தில் இருந்த ஒருவர் எழுந்து எங்களுக்கு இடம் விட்டார். டேக்கல் வருவதற்குள் எனக்குக் கண் தெளிந்து, விரல்களில் சூடு திரும்பிவிட்டது.

அப்போதுதான் விளக்கிச் சொன்னேன். வீட்டில் சண்டை இல்லை, கணவர் நல்லவர், ஓடியது மாரத்தான் என்று. அவர் நம்பவில்லை. முகத்தில் கோடுகோடாக உப்பு படிந்து, கண் வீங்கி, நொண்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றவளை அவர் மாலூரில் ஏறியதிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாராம். யாரோ அடித்திருக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டாராம். பையிலிருந்து மெடலை எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நாப்பத்திரெண்டு கிலோமீட்டரு… இன்னாத்துக்கு?” என்று கேட்டார். பிடித்திருக்கிறது, அதனால்தான் என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். எதிரில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும் அவர் கேரியரை மூடிக் கூடையில் வைத்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில், பல வருடத்துக்கு முன் இதே தடத்தில் இதே மாதிரி வாசலில் தான் நின்றதைச் சொன்னார். அவர் காற்றுக்காக நிற்கவில்லை. காரணத்தை அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அப்போது உள்ளே இருந்து யாரோ ஒரு அம்மா இவரைக் கூப்பிட்டு, எனக்குக் கண் சரியாகத் தெரியாது, டேக்கல் வந்தால் சொல்லு என்றாராம்.

“அவங்களுக்கு ஸ்டேஷன் சொல்லணுமேன்னு நின்னேன். வந்துச்சு, சொன்னேன், கைய புடிச்சி எறக்கி வுட்டேன். அதுக்குள்ள அந்த நெனப்பு போய்ட்ச்சி” என்றார். “அந்தம்மாக்கு இது எதுவும் தெரியாது.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

பங்காரப்பேட்டை தாண்டித்தான் அந்தச் சாப்பாடு யாருக்கானது என்று கேட்கத் தோன்றியது எனக்கு. ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரியில் அவருடைய தங்கை குழந்தை பெற்றுப் படுத்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கான பத்தியச் சோற்றை நான் வழித்துச் சாப்பிட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் பிரெட்டாவது தருவார்கள், விடும்மா என்றார். நான் விடவில்லை. கணவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். வாசலில் மயங்கியதைச் சொன்னதும் இப்போது எப்படி இருக்கிறது என்று இரண்டு முறை கேட்டார். அடுத்த நிமிடம், பூண்டு எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டார். நான் போனை அந்த அக்காவிடம் கொடுத்தேன். மிளகு தூக்கலாக இருக்கட்டும், புளி கம்மியாக என்று ஆரம்பித்து, ஊர் வந்து சேரும்வரை இருவரும் ரசம் பேசினார்கள்.

நிச்சயதார்த்தத்துக்குக் கட்டியிருந்த பட்டு வேட்டியோடு, கையில் சூடான கேரியரோடு கணவர் ஸ்டேஷனில் நின்றார். மூன்று பேருமாக ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தங்கை சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்தோம். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். அந்தப் புதுப் பிஞ்சு என் உப்புக் கையில் தூங்கியது. வீட்டுக்குப் போய்ப் புடவை கட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, தாய்மாமனுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு மோதிரம் மாற்றி முடித்திருந்தார்கள். நாத்தனார் என்னைப் பார்த்த பார்வையை வாங்கிக்கொண்டேன். என் கணவர் அவரைத் தனியாக அழைத்துப் போய் ஏதோ சொன்னார். திரும்பி வந்த நாத்தனார் என் முந்தானையைச் சரிசெய்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நான் சாப்பிட்டு எழும்வரை நகரவே இல்லை.

நான் ஓட்டத்தை விடவில்லை. விடப் போவதும் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு மாரத்தான் முடித்துவிட்டேன். இப்போது முடிவுக் கோட்டோடு என் திட்டம் முடிவதில்லை. இரண்டாவது பை ஒன்று தயாராக இருக்கும். உலர்ந்த துணி, உப்பு போட்ட மோர், முட்டை, சோறு. ஓடி முடித்ததும் சட்டென்று நிற்காமல் கொஞ்ச தூரம் நடப்பேன். அரை மணிக்குள் சாப்பிடுவேன். வெறும் தண்ணீரை மட்டும் குடித்து வயிற்றை நிரப்ப மாட்டேன். காலை உயர்த்தி வைத்து, உடம்பு பழைய நிலைக்கு வந்த பிறகுதான் வண்டி. அந்த வண்டி போனால் அடுத்தது. புதிதாக ஓட வருகிறவர்கள் என்னிடம் எத்தனை கிலோமீட்டர் பயிற்சி என்று கேட்டால், முடித்த பிறகு என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்று முதலில் கேட்கிறேன்.

அந்த அக்காவை அதன் பிறகும் சில முறை அதே தடத்தில் பார்த்திருக்கிறேன். தங்கை பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டது. மற்றதை நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

என்னைப் பற்றி அவர் நினைத்தது முழுக்கத் தப்பு. ஆனால் நினைத்தது சரிதானா என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் அவர் எழுந்து வந்ததால்தான் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வேலைக்குப் போகும் வண்டியில் யாராவது வாசலில் தனியாக வெகுநேரம் நின்றால், இப்போதெல்லாம் நானே போய் ஏதாவது பேச்சுக் கொடுக்கிறேன். பெரும்பாலும் காற்றுக்காகத்தான் நிற்கிறார்கள், சிலர் என்னை விசித்திரமாகப் பார்க்கவும் செய்கிறார்கள். அந்த ஒரு நிமிட வெட்கம் எனக்கு இப்போது ஒரு பொருட்டே இல்லை.