கிளாசுக்குள் கிளாஸ்

போன சனிக்கிழமை ஒரு டீச்சரின் உதட்டில் ரத்தம் வந்தது. அதற்கு நானும் ஒரு காரணம்.

ஹற்றனில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் ஆசிரியர் செமினார். தங்குவது, சாப்பாடு எல்லாம் அங்கேயே. வெள்ளிக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் எங்கள் மேசைக்குத் திடீரென்று இரக்கம் பொங்கியது. "பாவம், கழுவுற அம்மாவுக்கு லேசா இருக்கட்டும்" என்று ஈரக் கிளாஸ்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார்கள். எட்டு கிளாஸ்... கடைசிக் கிளாஸை அழுத்தி வைத்தவன் நான்தான். நாம் செய்யும் உதவிகளில் பாதி, அந்த வேலையைச் செய்கிறவரிடம் கேட்காமலே செய்கிறவை இல்லையா?

கிளாசுக்குள் கிளாஸ் போடக்கூடாது. போட்டால் இறுகிக்கொள்ளும். திருகி எடுக்கும்போது விளிம்பு தெறித்துவிடும், சட்டென்று கண்ணுக்கும் தெரியாது. பாத்திரம் கழுவ வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள். எனக்கும் சொன்னார்கள். ஆமாம் — ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு இரண்டு வருடம் நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவினேன், எண்ணெய்ப் பிசுக்குத் தரையைத் தேய்த்தேன். இத்தனை வாரம் இந்தப் பத்தியை எழுதுகிறேன், உங்களிடம்கூட இதைச் சொன்னதில்லை.

"அப்படி அடுக்காதீங்க" என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் "ஒங்களுக்கு எப்படி சேர் தெரியும்?" என்று கேட்பார்களே! வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை கிளாஸில் பிளேன்டீ குடித்த ஒரு டீச்சரின் உதடு, தெறித்த விளிம்பு பட்டுக் கிழிந்தது. மெனேஜர், பாத்திரம் கழுவும் பிலோமினாக்காவைச் சாப்பாட்டு மண்டபத்தின் நடுவுக்கே கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். தேயிலைக் கொழுந்து பறிக்க முழங்கால் விடாததால் இந்த வேலைக்கு வந்தவர். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"கண்ணு தெரியலையா? இனி ஒன்ன வச்சிக்க ஏலாது!"

"ஒவ்வொரு கிளாஸையும் வெரலால தடவிப் பாத்துத்தாங்க வக்கிறேன். எப்படியோ ஒன்னு தப்பிருச்சுங்க."

விரலை நீட்டிக் காட்டினார். நிறையக் கீறல்கள். அந்த விரலை எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் என் விரலும் அப்படித்தான் இருந்தது.

எழுந்து நின்றேன். அடுக்கியது நாங்கள், தப்பு என்று தெரிந்தும் பேசாமல் இருந்தது நான், எப்படித் தெரியும் என்றால்... எல்லாவற்றையும் சொன்னேன்.

கைதட்டினார்கள்! என்ன எளிமை, என்ன நேர்மை என்று ஆளுக்கு ஆள் தோளில் தட்டினார்கள். மெனேஜரும் சிரித்தார். "சேருக்குப் பெரிய மனசு. ஒக்காருங்க சேர்."

பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பிலோமினாக்காவைப் பார்க்கப் பின்பக்கம் போனால், சிங்க் முன்னால் வேறொரு பெண்.

"அக்காவ அப்பவே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க சேர். இனி வர வேணாமாம்."

மெனேஜரிடம் ஓடினேன். "தப்பு எங்க மேலங்க. சொன்னேனே!"

"விருந்தாளி மேல தப்புப் போட ஏலுமா சேர்? யாரயாவது அனுப்பினாத்தானே அந்த மிஸ்ஸுக்கு நாங்க மொகம் குடுக்கலாம்?"

மாலை நிறைவு நிகழ்ச்சியில் என்னை மேடைக்கு அழைத்தார்கள். "பாத்திரம் கழுவி முன்னுக்கு வந்த நம்ம சேர்!" மண்டபம் நிறையக் கைதட்டல். மைக் என் முன்னால்தான் இருந்தது. பிலோமினாக்காவின் பெயரை அங்கே சொல்லியிருக்கலாம், மெனேஜர் கடைசி வரிசையில்தான் நின்றார்.

நான் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.