உசுரோட கீற அத்தைக்கு மெழுகுவத்தி

எனுக்கு படிப்பு ஏறல. நாலாவதோட பள்ளிக்கூடமும் நானும் பேசி பிரிஞ்சிட்டோம், யாருக்கும் யார் மேலயும் கோவம் இல்ல. ஆனா எழுத்துக் கூட்டி படிப்பேன். எங்க கத்துக்கினேன்னு கேட்டா சிரிப்பீங்க. எங்க வூட்டு கல்லறையில.

கல்மண்டபத்துலேந்து கொஞ்ச தூரம் தான் எங்க கல்லறைத் தோட்டம். வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு எங்கப்பா என்ன கூட்டிம்போவாரு. சுண்ணாம்பு அடிப்போம், சாமந்திய உதுத்து பரப்புவோம், பேருக்கு ஒன்னுன்னு மெழுகுவத்தி கொளுத்துவோம். சிலுவைக்கு கீழ கல்லுல பேருங்கள வெட்டி கீது. மொத பேரு தாத்தாவோட அப்பா. ரெண்டாவது பேரு அத்தை, எங்கப்பாவுக்கு நேர் தங்கச்சி. ஒவ்வொரு பேருக்கு கீழயும் செத்த வருசம். அப்பா என் வெரல புடிச்சி அத்தை பேரு மேல வெச்சி ஓட்டுவாரு. பள்ளத்துல வெரலு போவும், வளையும், திரும்பும். அப்பிடியே எழுத்து வந்துச்சி. ஆனா அத்தை பேரு மேல மட்டும் தான் ஓட்டுவாரு. மேல இருந்த பேர நானா படிச்சிக்கினேன்.

"அத்தை எப்பிடி செத்துச்சி?"ன்னு கேட்டா அப்பா "காமாலை"ன்னுவாரு. தாத்தா கிட்ட கேட்டா "கடலு எட்த்துகினு போச்சி"ன்னுவாரு. காமாலை வந்தவ எதுக்குய்யா கடலுக்கு போனான்னு கேக்கற புத்தி எனுக்கு இல்ல. இருந்திருந்தா நாலாவது தாண்டியிருக்க மாட்டேனா?

அப்பால தாத்தா, ஆயா, அப்பா, ஒவ்வொருத்தரா அந்த கல்லுக்கு குடி போய்ட்டாங்க. குழி என் பேருக்கு வந்துச்சி. எங்க பரம்பரையில எனுக்குன்னு வந்த சொத்து அது ஒன்னு தான், அதுலயும் செத்தா தான் குடியேற முடியும். நான் ஷேர் ஆட்டோ ஓட்றேன், கல்மண்டபத்துலேந்து திருவொத்தியூரு வழியா எண்ணூரு வரைக்கும். கன்டெய்னர் லாரிங்க நடுவுல பூந்து பூந்து ஓட்றதால அந்த சொத்து சீக்கிரமே உதவும்னு எங்கம்மா சொல்லிகினே இருக்கும்.

போன கல்லறைத் திருநா அன்னிக்கி நான் ஒண்டி தான் போனேன். எங்கம்மாவுக்கு முட்டி வலி. கெளம்பச் சொல்லோ வழக்கமா சொல்றத சொல்லிச்சி: "அத்தைக்கு ஒன்னு மறக்காம கொளுத்து."

கொளுத்தினேன். அடுத்தத கொளுத்தி கையில வெச்சிகினு குந்தினு கீறேன், பின்னாடி ஒரு ஆளு வந்து நின்னான். என் வயசு தான். கையில ஹெல்மெட்டு, நெத்தியில பட்டையா திருநீறு. சுத்தியும் அல்லாரும் ஜெபமால சொல்லிகினு கீறாங்க, இவன் மட்டும் முருகன் கோயிலுக்கு வழி மாறி வந்தவன் மாதிரி நிக்கிறான்.

"இது உன் குழியா?"

"இன்னும் இல்ல நைனா, எனுக்கு டைம் கீது. எங்க குடும்பத்து குழி. இன்னா வேணும்?"

"அப்ப நீ எனுக்கு மச்சான் ஆவணும்."

"கல்லறைக்கு வந்தா பொண்ணு கேப்பாங்க, மாமு?"

அவன் சிரிக்கல. "எங்கம்மா அனுப்பிச்சாங்க"ன்னான்.

"உங்கம்மா யாரு?"

கைய நீட்டினான். கல்லுல ரெண்டாவது பேரு. அதுக்கு முன்னாடி நான் இப்ப தான் ஏத்தி வெச்ச மெழுகுவத்தி நல்லா நிமிந்து எரிஞ்சிகினு கீது.

"காலையில கஞ்சி குட்ச்சிட்டு எண்ணூர்ல வூட்டு வாசல்ல குந்தினு கீறாங்க"ன்னான்.

கையில இருந்த மெழுகு வெரல்ல ஊத்திச்சி, அதுகூட லேட்டா தான் சுட்டுச்சி. மொதல்ல நான் இன்னா பண்ணேன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. குனிஞ்சி அந்த மெழுகுவத்திய ஊதி அணைச்சிட்டேன். அணைச்ச அப்பறம் தான் பயம் புடிச்சிக்கிச்சி. எரிஞ்சது தப்பா, அணைச்சது தப்பா? உசுரோட கீற பொம்பளைக்கு இதுல எது ஆவாது? கேட்டு தெரிஞ்சிக்க ஆளும் இல்ல, தெரிஞ்சவங்க அல்லாம் கல்லுக்கு கீழ படுத்துகினு கீறாங்க.

அவன் பொறுமையா சொன்னான். அத்தை சின்ன வயசுல இவன் அப்பாவோட ஓடிப் போயிருச்சி. அவரு எண்ணூரு பக்கம் ஒரு ஃபேக்டரியில ஃபிட்டரு, வேற சாமி. முருகன் கோயில்ல தாலி கட்டிகினாங்க. அன்னிக்கே எங்க தாத்தா, பொண்ணு செத்துட்டான்னு சொல்லி கல்லு வெட்டறவன கூட்டியாந்துட்டாரு. இப்ப இவன் அப்பா உசுரோட இல்ல. அத்தைக்கும் உடம்பு ரொம்ப தளந்து போச்சி. ஒரே ஒரு ஆசை, கடைசியில பெத்த தாயி பக்கத்துல படுக்கணும்.

"உங்க மாதா கோயிலு சாமியார் கிட்ட கேட்டேன் மச்சான். ஞானஸ்நானம் வாங்கின பொம்பள தானே, எனுக்கு தடை இல்ல, குழிக்காரரு சரின்னா போதும்னாரு. நீ ஒரு வார்த்தை சொல்லு. ஞாயித்துக்கிழமை உன்னோட வந்து பாக்கணும்னு வேற சொல்லிகினு கீறாங்க."

என் வாழ்க்கையில என்ன யாரும் எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. எங்க ஸ்டாண்டுல டீ ஸ்ட்ராங்கா லைட்டான்னு கூட கேக்க மாட்டாங்க. "வூட்ல கேட்டு சொல்றேன்"னுட்டு வண்டிய எட்த்தேன்.

வூட்ல எங்கம்மா மொறத்துல நெத்திலி ஆஞ்சிகினு இருந்துச்சி.

"எம்மா, அத்தை உசுரோட கீதாம்மா!"

எங்கம்மா கை நிக்கல. ஒரு நெத்திலி தலைய கிள்ளி போட்டுச்சி. "ஆமா"ன்னுச்சி.

எனுக்கு அத்தை உசுரோட இருந்தது கூட பெரிசு இல்லீங்க. இந்த "ஆமா" தான் ஆள அட்ச்சி போட்டுச்சி.

"தெரியுமா உனுக்கு?"

"என் கல்யாணத்தன்னிக்கே தெரியும். மாதா கோயிலுக்கு எதிர்ல, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுகினு இருந்தா. மூஞ்சி அப்பிடியே உங்கப்பன். நான் உங்கப்பன் கைய சுரண்டினேன். அவரு பாத்தாரு, பாக்காத மாதிரி போட்டோவுக்கு நின்னாரு."

"அப்ப வருசா வருசம் அத்தைக்கு ஒன்னு கொளுத்துன்னு சொன்னியே?"

"உங்க தாத்தா இருக்கச் சொல்லோ பேச முடியல. அப்பறம் உங்கப்பா. அப்பறம்..." ஒரு நெத்திலிய கையில வெச்சிகினு யோசிச்சிச்சி. "பழகிப் போச்சிடா."

நான் விசயத்த சொன்னேன். எங்கம்மா மொறத்த கீழ வெச்சிருச்சி.

"அது என் எடம்."

"எம்மா..."

"ஒரு தபா குழிய தொறந்தா எத்தினியோ வருசத்துக்கு மறுபடி தொறக்க வுட மாட்டாங்க. தெரியும்ல? உங்கப்பன் மேல நான் தான் படுக்கணும். நான் இந்த வூட்டுக்கு வந்தப்போ எனுக்குன்னு ஒன்னும் புதுசா வாங்கலடா. அவளுக்கு வெச்சிருந்த பொடவ, அவளுக்கு செஞ்ச கம்மலு, அவ படுத்த பாயி. அவ போட்டுட்டு போன வாழ்க்கைய தான் நான் வாழ்ந்தேன். எனுக்குன்னு கீறது அந்த குழி ஒன்னு. அதையும் கேக்கறாளா?"

ஒரு பக்கம் அத்தை, ஒரு பக்கம் அம்மா, நடுவுல ஒரு ஆளு படுக்கற எடம். ஷேர் ஆட்டோன்னா நாலு பேரு சீட்டுல ஆறு பேர ஏத்திருவேன். இதுல இன்னா பண்றது?

அத வுட பெரிய பேஜாரு இன்னொன்னு. ஞாயித்துக்கிழமை அத்தை வருது. வந்து பாத்தா அது பேரு, அதுக்கு கீழ அது செத்த வருசம். எந்த பொம்பள தாங்குவா? சனிக்கிழமை சாயந்திரம் ஒரு டப்பா வெள்ளை பெயிண்ட எட்த்துகினு ஓடினேன். அத்தை பேரு மேலயும் வருசத்து மேலயும் அடிச்சேன். பள்ளத்துல எழுத்து தெரிஞ்சிச்சி. மறுபடி அடிச்சேன். கண்ண இடுக்கி பாத்தா இன்னும் தெரிஞ்சிச்சி. டப்பா காலியாவற வரைக்கும் அடிச்சி, கடைசியில பள்ளம் தூந்து போயி மொழுக்குன்னு ஆயிருச்சி. நம்ம மூளை கூட வேலை செய்யுதுடான்னு தோள நானே தட்டிக்கினேன்.

ஞாயித்துக்கிழமை என் வண்டியிலயே எண்ணூருக்கு போனேன். அத்தை வெளிய வந்துச்சி. எங்கப்பா பொடவ கட்டிகினு வந்து நின்ன மாதிரி இருந்துச்சி. அதே மூக்கு, அதே மாதிரி ஒரு பக்கமா சாஞ்சி நடக்கறது. கையில இருந்த சாவி கீழ வுயிந்துருச்சி. உள்ளாற சாமி படத்துங்க தெரிஞ்சிச்சி, முருகரும் மாதாவும் ஒரே பலகையில பக்கத்துல பக்கத்துல.

அத்தை என்ன மேலேந்து கீழ பாத்துச்சி. "அட, நீ தானா? தள்ளி குந்து ஆயா, தள்ளி குந்து ஆயான்னு வழியெல்லாம் கத்திகினு வருவியே?"

"அத்தே, நீ என் வண்டியில வந்துக்கீறியா?"

"எத்தினியோ தபா. உங்கப்பன் ஜாடை கீதேன்னு பாப்பேன். வாயப் பாத்ததும், சீ, எங்கண்ணன் புள்ளையா இருக்காதுன்னு வுட்ருவேன்."

அவங்க புள்ள வாசல்ல அவன் பைக்கு மேல குந்தி சிரிச்சான். எனுக்கு சிரிப்பு வரல. நான் கொளுத்தின மெழுகுவத்திக்கு சொந்தக்காரி என் பின்னாடி சீட்டுல நசுங்கிகினு வந்துக்கீது, நான் தள்ளி குந்த சொல்லி கத்திக்கீறேன்.

கல்லறைக்கு போனா அங்க எங்கம்மா. முட்டி வலின்னு கோயிலுக்கே வராத பொம்பள, காலையிலயே வந்து எங்க குழி மேல, நட்ட நடுவுல குந்தினு கீது. ரயில்ல துண்டு போட்டு எடம் புடிக்கற மாதிரி. ரெண்டு பேரும் பாத்துகினாங்க. எங்கம்மா கண்ணு அத்தை காதுக்கு போச்சி. அத்தை கண்ணு எங்கம்மா காதுல கீற கம்மலுக்கு போச்சி.

அத்தை கல்லு கிட்ட குனிஞ்சிச்சி. கையால தடவிச்சி. மறுபடி தடவிச்சி. என் மனசுல, பாத்தியா, ஒன்னும் தெரியலன்னு ஒரு குஷி.

"எங்கடா என் பேரு?"

"உனுக்கு... தெரியுமா அத்தே?"

"வருசா வருசம் நீங்க அல்லாரும் வந்துட்டு போன மறாநாளு நான் வருவேன். நீங்க போட்ட பூவு வாடிகினு இருக்கும். என் பேருக்கு வெச்ச மெழுகுவத்தி பாதியில நின்னிருந்தா மறுபடி கொளுத்திட்டு போவேன். மொத தபா பாத்தப்போ வவுறு எரிஞ்சிச்சி, பொய் சொல்லல. அப்பறம் பாரு, ஒரு நா யோசிச்சேன். போட்டோ அல்லாத்தையும் எங்கப்பன் கிழிச்சாரு. என் பேர வூட்ல யாரும் எடுக்கக் கூடாதுன்னாரு. ஆனா இங்க வெட்டி வெச்சிட்டாரே. இந்த குடும்பத்துல நான் பொறந்தேன்னு சொல்ல வேற இன்னா கீது எனுக்கு?" என் பக்கம் திரும்பிச்சி. "அதையும் அழிச்சிட்டியேடா, பாவி."

தாத்தா அத்தைய கொன்னாரு, அப்பா பாக்காத மாதிரி நின்னாரு, ஆனா அத்தைய மெய்யாலுமே காணாம அடிச்சது ஒரு டப்பா பெயிண்டோட போன நான். எங்க குடும்பத்துலயே பெரிய வேலைய முடிச்சவன் நான் தான்.

வண்டி சாவிய எட்த்து சொரண்ட ஆரம்பிச்சேன். பெயிண்ட்டு தோல் தோலா உரிஞ்சிச்சி. மொத எழுத்தோட வளைவு வந்துச்சி. சின்ன வயசுல வெரலு போன அதே பள்ளத்துல இப்ப சாவி போவுது. எனுக்கு கண்ணு கலங்கி, அடுத்த எழுத்து இன்னான்னு தெரியாத மாதிரி தடுமாறினேன். தெரியாதா? நான் படிச்ச ஒரே படிப்பாச்சே அது.

பின்னாடி எங்கம்மா கொரலு: "எவ்ளோ நேரம் நிப்ப, முட்டி தேஞ்சிரும். குந்து."

திரும்பி பாத்தேன். எங்கம்மா குழி மேல தள்ளி குந்தியிருந்துச்சி. நட்ட நடுவுலேந்து ஒரு ஓரமா.

அத்தை குந்திச்சி. "அண்ணி, உன் எடத்த நான் புடுங்க வரல"ன்னுச்சி.

"யாரு மொதல்ல போறாளோ அவளுக்கு இது. இன்னொருத்தி மறுபடி தொறக்க வுடற வரைக்கும் உசுரோட இருந்தாவணும், அவ்ளோ தான் பேச்சி"ன்னுச்சி எங்கம்மா. "மாத்தர ஒழுங்கா போட்றியா?"

"போட்றேன். நீ?"

"மறந்து போவுது."

"மறக்காத அண்ணி."

எங்கம்மா என்ன பாத்துச்சி. "குழி உன் பேர்ல கீது. நீ இன்னா சொல்ற?"

"சரி"ன்னேன். அவங்க புள்ள ஹெல்மெட்ட கீழ வெச்சிட்டு அவனோட பைக் சாவிய எட்த்துகினு வந்து, கடைசி எழுத்துலேந்து அவன் சொரண்ட ஆரம்பிச்சான். ரெண்டு பேரும் நடு எழுத்துல வந்து முட்டிகினோம்.

பேரு முழுசா வந்துருச்சி. நான் அதுக்கு கீழ கீற வருசத்துல சாவிய வெச்சேன்.

"டேய், டேய், அத வுடு"ன்னுச்சி அத்தை. "அது அப்பிடியே வெள்ளையா இருக்கட்டும். அப்பறமா வேற வெட்டிக்கலாம்."