நிறுத்தினால் அணையும் இஞ்சின்

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அந்தப் பழைய காரை ஓட்டுகிறவளுக்கு 'வண்டியத்தை' என்று பெயர் வைத்தது பிள்ளைகள்தான். நாளடைவில் அவர்களுடைய அம்மாக்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் அவளுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. அந்தப் பெருமைக்குத்தான் இஞ்சின் வேட்டு வைத்தது.

ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலிலோ பள்ளி வாசலிலோ நிறுத்தப் போனால், ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு அணைந்துவிடும். பின்னால் நிற்பவர்கள் ஹாரனாலேயே திட்டுவார்கள். "அத்தை, வண்டி தூங்கிடுச்சு!" என்று பின்சீட்டில் ஒரே கும்மாளம்.

மெக்கானிக் பிளக் மாற்றினார், ஃபில்டர் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் தானே தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "என் கையில நல்லாத்தானே ஓடுது? கிளட்ச்ச முழுசா மிதிங்கம்மா. லேடீஸ் ஓட்டுற வண்டின்னாலே இதே ரோதனைதான்" என்பார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவள் சாவியை வாங்கிக்கொள்வாள்.

அந்தப் பேச்சு எப்படியோ வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. கார் அவள் கணவனின் அண்ணன் பெயரில் இருந்தது. அவர் சாப்பிட்டுக் கை கழுவியபடியே சொன்னார்: "திங்கக்கிழமையில இருந்து என் பையன் ஓட்டட்டும். பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்னீங்க அத்தான்?"

"உள்ளதைத்தான். உனக்கு வண்டிய நிறுத்தத் தெரியலன்னு."

கணவன் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டு நின்றான்.

அன்று சாயங்காலம் வாசலிலேயே காரில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டார்ட் செய்து, கியரில் போடாமல், ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தாள். கிளட்ச்சை மிதித்தாள், ஒன்றும் ஆகவில்லை. பிரேக்கை மிதித்தாள். இஞ்சின் அணைந்தது.

சனிக்கிழமை காலையில் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். அன்று பெஞ்சில் உட்காரவில்லை. மெக்கானிக் வண்டியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பியதும் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டாள். அந்தத் தெருவில் சிக்னலும் கிடையாது, நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லை. திரும்பி வந்து ஒர்க்‌ஷாப் வாசலில் திரும்பும்போது, கார் உருண்டுகொண்டிருக்கையிலேயே அவர் கை சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தது. கார் சத்தமில்லாமல் உள்ளே வழுக்கிக்கொண்டு போய் நின்றது.

அவள் அந்தக் கையையே பார்த்தாள். "எப்பவும் இப்படித்தான் நிறுத்துவீங்களா?"

"ஆமா. எங்க முதலாளி பழக்கிவிட்டது. பெட்ரோல் மிச்சம் பாருங்க."

"நிக்கறதுக்கு முன்னாடி நீங்களே அணைச்சுட்டா, அது தானா அணையுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கதவைத் திறந்து இறங்கப் போனார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க. ஹேண்ட்பிரேக் போடுங்க. கியர் வேண்டாம், கிளட்ச்சுல காலே வைக்காதீங்க. பிரேக்க மட்டும் மிதிங்க."

மிதித்தார். காலடியில் 'ஸ்ஸ்' என்று காற்று சீறியது. இஞ்சின் முனகி, குலுங்கி, அணைந்தது.

"இப்ப யாரு கிளட்ச்ச சரியா மிதிக்கல?"

அவர் இறங்கிப் போய்ப் பானெட்டைத் திறந்தார். அவளை டிரைவர் சீட்டுக்கு மாறி ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, இஞ்சினிலிருந்து பிரேக்குக்கு வலு கூட்டும் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயை இடுக்கியால் நெரித்துப் பிடித்தபடி, "இப்ப மிதிங்கம்மா" என்றார். மிதித்தாள். இஞ்சின் அணையவே இல்லை.

"பூஸ்டருக்குள்ள ரப்பர் கிழிஞ்சிருக்கு. பிரேக் மிதிக்கறப்பல்லாம் அது வழியா காத்து உள்ள போய் இஞ்சினத் திணறடிக்குது. நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க. இன்னும் கிழிஞ்சிருந்தா பிரேக் கல்லு மாதிரி இறுகியிருக்கும்."

"இப்பவாவதா?" அவள் போட்ட சத்தத்தில் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் ஓசை அத்தனையும் நின்றது. "வண்டி நிறைய பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு இங்கதானே வந்து வந்து நின்னேன்! லேடீஸ் வண்டி, லேடீஸ் வண்டின்னு சொல்லிச் சொல்லித் திருப்பி அனுப்பினது யாரு?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டே புது பூஸ்டர் வாங்கிவரக் கிளம்பினார். மாற்றி முடித்ததும், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து மெயின் ரோடு சிக்னல்வரை தானே ஓட்டினாள். சிவப்பு விளக்கில் நிறுத்தினாள். கார் நின்றது, இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் கணவனின் அண்ணன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். "மெக்கானிக் போன் பண்ணான். சரியாயிடுச்சாமே? சரி சரி, நீயே ஓட்டு" என்றார், பிச்சை போடுகிற மாதிரி.

"அதான் சொல்லிட்டாரே, விடேன்" என்றான் கணவன். இப்போது மட்டும் அவனுக்குப் பேச்சு வந்தது.

"சரியானது வண்டி. எனக்கு நிறுத்தத் தெரியாதுன்னு வீடு வீடா சொன்னது அப்படியேதானே இருக்கு? போன் போடுங்க அத்தான்."

"இதெல்லாம் ஒரு விஷயமா?"

"திங்கக்கிழமை என்னை நம்பிப் பிள்ளைய அனுப்பறதா வேண்டாமான்னு ஒவ்வொருத்தரும் யோசிச்சுக்கிட்டு இருப்பாங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

அவள் நகருவதாக இல்லை. அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் முதல் பிள்ளை வீட்டு எண்ணை அழுத்தினார்.

"வண்டியிலதாங்க கோளாறு... பிரேக்குல. இல்லைங்க, அவ மேல ஒண்ணும் தப்பில்ல."

"நாங்க கேட்டோமாங்க? நீங்களாத்தானே சொன்னீங்க?" என்றது எதிர்ப்பக்கத்துக் குரல். "வண்டியத்தையையே வரச் சொல்லுங்க."

அவர் போனைக் கீழே வைக்கப் போனார்.

"அடுத்த வீடு" என்றாள் அவள், உட்காராமலேயே.